மாதிரிப் படம்

"இதுல கையெழுத்துப் போடு. போட்டா வேலையோட போகும். போடலைன்னா போலீஸ்!"

ஹரிநாராயணன் ஒரு காகிதத்தை மேசை மேல் தள்ளினார். விளாங்குடியில் இருக்கும் அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர்.

அப்சானா அதை எடுத்துச் சத்தமாகவே வாசித்தாள்.

"'சிஹாபுதீன் மகள் அப்சானா ஆகிய நான், அடுத்தவர் உழைப்பைத் திருடி என் பெயரில் வெளியிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.' நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா நான் போட மாட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி சாம்பசிவத்துக்கு மூக்கு விடைத்தது.

"சேர்ந்து முழுசா ஏழு மாசம் ஆகல. திருடுனதும் இல்லாம இம்புட்டுத் திமிரா?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஸ்கேன் செய்த ரசீது, மார்க் ஷீட், போட்டோ என்று எதில் க்யூஆர் கோடு இருந்தாலும் தேடிப் படித்துவிடும் புரோகிராம் ஒன்றைக் கம்பெனி விற்றுவந்தது. கம்பெனிக்குச் சோறு போடுவதே அதுதான். அதே புரோகிராம், வரிக்கு வரி மாறாமல், அப்சானா பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"ரெண்டு வருஷம் ராப்பகலா உக்காந்து எழுதினேன் சார்..." ஹரிநாராயணனுக்குக் குரல் தழுதழுத்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"நான் காலேஜ்ல படிக்கிறப்ப எழுதினது சார். யார் வேணா எடுத்துக்கலாம், என் பேரை மட்டும் எடுக்கக் கூடாதுன்னுதான் போட்டிருந்தேன். தேதியைப் பாருங்க, அஞ்சு வருஷம் ஆச்சு."

"தேதியெல்லாம் மாத்திடலாம் சார்!" என்றார் மேனேஜர்.

"ஏம்மா, இத்தனை மாசமா ஏன் வாயைத் தொறக்கல?" என்று கேட்டார் முதலாளி.

"எனக்கு வேற செக்‌ஷன் சார். இது உள்ள என்ன இருக்குன்னு இன்னைக்குத்தான் என் கண்ணுல காட்டுறாங்க. நான் எழுதினதோடயே 'மாதிரிப் படம்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும், ஒழுங்காப் படிக்குதான்னு சோதிச்சுப் பார்க்கிறதுக்கு. மேனேஜர் சார் கம்ப்யூட்டர்லயே தொறங்க. முதல் படம்."

சாம்பசிவம் திறந்தார். பால் சிந்தி, பாதி உரிந்துபோன ஒரு க்யூஆர் ஸ்டிக்கர்.

"இது யார் கடை சார்?" அப்சானா மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள்.

"அது... ஏதோ ஒரு கடை. தெருவுல போறப்ப எடுத்தது."

"அப்ப உங்க புரோகிராமையே படிக்கச் சொல்லுங்க."

சாம்பசிவம் பட்டனை அழுத்தினார். ஒரே நொடிதான். திரையில் பெயர் வந்து நின்றது.

சிஹாபுதீன் ஜிகர்தண்டா, வில்லாபுரம்.

அவர் திரையைப் பார்த்தார். மேசையில் கிடந்த காகிதத்தின் முதல் வரியைப் பார்த்தார். அப்புறம் மேனேஜரைப் பார்த்தார்.

"எங்க அத்தா கடை சார். எந்தப் போன்லயும் இது படிக்கல. இனிமே தேறாது, தூக்கிப் போடுன்னாங்க. படிக்க வெச்சுக் காட்டுறேன் பாருன்னு எழுதினதுதான் இம்புட்டும்."

ஏசி அறையில் ஹரிநாராயணனுக்கு மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது.

அப்சானா காகிதத்தை அவர் பக்கமே தள்ளினாள். மேலே ஒரு பேனாவையும் வைத்தாள்.

"எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்கங்க. அது உங்களுக்குப் பழக்கம்தானே?"