பிள்ளையாருக்குப் போன பூ

“இண்டைக்கும் கருவாடோ?” கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார் பவளராணி.

“வேற வழி? அந்த அறைக் கதவைத் திறந்தாலே மணம் மாடிப்படி மட்டும் போகுது. கருவாடு பொரிச்சால்தான் அது அடங்கும்.”

குலேந்திரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சட்டியை அடுப்பில் வைத்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனவர் இப்போதுதான் திரும்பியிருந்தார். பொரிக்கிற கருவாட்டை அவர்கள் வாயில் வைத்து மாதக்கணக்காகிறது. பொரிப்பது, ஆறவிடுவது, குப்பையில் போடுவது, அவ்வளவுதான்.

எல்லாம் அந்த ஆறு செடிகளால் வந்த வினை.

முதுகில் சத்திரசிகிச்சை செய்த நாளிலிருந்து பவளராணிக்கு இரண்டு கால்களிலும் நரம்பு வலி. போடாத குளிசை இல்லை. கஞ்சா மருந்து கேட்டுப் பார்த்தார்கள். வைத்தியர் முடியாது என்றுவிட்டார். கடைசியில் பக்கத்து ஊரான ஹ்விடோவ்ரேயில் தெரிந்த ஒருவரிடம் விதை வாங்கி, சாமான் அறையில் விளக்குப் போட்டு, மண்ணே இல்லாமல் தண்ணீரில் செடி வளர்த்தார் குலேந்திரன். இலையை அவித்துக் கசாயம் கொடுத்தார். முதல் கோப்பையிலேயே “நோ போயிட்டுது, இப்ப வலியில்லை” என்றார் பவளராணி. எட்டு மாதமாக அதே பதில்தான்.

அந்தப் பதிலுக்காகத்தான் மனுசன் இவ்வளவு பாடும் படுகிறார். வேலை முடிந்து வந்ததும் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும், பம்பைக் கழுவ வேண்டும், பூ வரவர நுள்ள வேண்டும். கீரை பூத்தால் இலை முத்திப்போகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? நுள்ளிய பூவைக் குப்பையில் போட மனம் வராமல் பிள்ளையார் படத்துக்கு வைத்துவிடுவார்.

“களைச்சுப் போனன் ராணி. பிடிபட்டால் வேலையும் போகும், வீடும் போகும்.”

“அப்ப விட்டிடுங்கோவன்.”

“விட்டால் உமக்குத் திரும்ப நோ வந்திடும். பேசாமல் படும். கண்ணெல்லாம் உள்ளுக்குப் போய்க் கிடக்கு. காலமை நான் எழும்பேக்கை பார்த்தால் எந்த நாளும் எனக்கு முதல் முழிச்சிருக்கிறீர்.”

பவளராணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. மேல் வீட்டு இங்கர் நின்றார். எழுபது வயது தாண்டிய டெனிஷ்காரி; மீன் மணம் தாங்கவில்லை என்று இரண்டு முறை முறைப்பாடு செய்தவர். குலேந்திரன் கரண்டியும் கையுமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

“நான் மீனைப் பற்றிப் பேச வரவில்லை,” என்றார் இங்கர். “மீனுக்குப் பின்னால் இன்னொரு மணம் வருகிறதே, அதைப் பற்றித்தான்.”

குலேந்திரன் வாசலை மறித்து நின்றார். கரண்டியைப் பிடித்திருந்த இடக்கையில் சுட்டுவிரல் நுனி இல்லை. செடி வைப்பதற்கு முன், போன மாரியில், வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் சொக்கியதில் போனது.

“பொலிசுக்குச் சொல்லிவிட்டீர்களா? என் மனைவிக்கு வலி. அதற்காக மட்டும்தான்…”

“எனக்கென்ன பைத்தியமா? இளமையில் நானே தோட்டத்தில் வளர்த்தவள். காட்டுங்கள் பார்ப்போம்.”

வேறு வழியில்லாமல் சாமான் அறையைத் திறந்தார். இங்கர் ஆறு செடிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பூவெல்லாம் எங்கே?”

குலேந்திரன் பிள்ளையார் படத்தைக் காட்டினார். இங்கருக்கு வந்ததே ஒரு சிரிப்பு! நிற்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயோ மனிதா, மருந்து பூவில்தான் இருக்கிறது. இலையில் பெயருக்குத்தான். அதையும் வெறும் தண்ணீரில் அவித்தால் எதுவும் இறங்காது. உங்கள் மனைவி குடித்தது கீரைத் தண்ணீர். இந்த எட்டு மாதமும் உங்கள் கடவுளுக்குத்தான் வலியே இருந்திருக்காது.”

வாசலில் நின்று அவர் திரும்பினார். “யாரிடமும் சொல்ல மாட்டேன். தயவுசெய்து அந்த மீனை மட்டும் நிறுத்துங்கள்.”

கதவு சாத்தப்பட்டது. குலேந்திரன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் அமர்ந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“கேட்டனீரோ?”

“ஓம், கேட்டன்.”

“அப்ப உம்மடை நோ?”

பவளராணி போர்வையைக் கால் மேல் இழுத்துவிட்டார்.

“ராணி, உண்மையைச் சொல்லும். நோ குறைஞ்சதோ?”

“ஒருநாளும் குறையேல்லை.”

“எட்டு மாசமா இல்லை, இல்லையெண்டு சொன்னனீரே! எத்தினை தரம் கேட்டனான்? ஏன் பொய் சொன்னனீர்?”

பவளராணி அவருடைய இடக்கையை எடுத்து மடியில் வைத்து, நுனியில்லாத அந்த விரலைத் தடவினார்.

“எனக்கு நோகுதெண்டால் நீங்கள் ராவிராவாய் முழிச்சிருந்து கால் பிடிச்சுப்போட்டு, அப்பிடியே வேலைக்குப் போவியள். நோ இல்லையெண்டு சொன்ன அண்டைக்குத்தான் முதன்முதலா விடியுமட்டும் படுத்தனீங்கள்.”

அவர் வாய் திறக்குமுன் பவளராணியே சொன்னார்:

“மருந்து வேலை செய்ததுதானேப்பா. குடிச்சது நான், நித்திரை கொண்டது நீங்கள்.”