உள்ளே ஆள் இருக்கா?

பஸ்ஸைத் திருப்பி அனுப்பியதே அவர்தான்.

மெயின்ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற விலக்கில், டீக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் வழக்கம்போலத் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சி, உள்ள ஆள் இருக்கா?"

விலக்கிலிருந்து ஊருக்குப் போகிற மூன்று கிலோமீட்டரும் பள்ளம். ஏறுவதற்கு ஆள் இருந்தால்தான் பஸ் உள்ளே போகும். இல்லையென்றால் இங்கேயே திரும்பிக்கொள்ளும். விலக்கில் நிற்கிற ஊர்க்காரர் சொல்வதுதான் தீர்ப்பு.

அவர் கண்ணை மூடி, வீடு வீடாக ஊரைச் சுற்றி வந்தார். பரமனுக்குக் காய்ச்சல். குருவம்மா நேற்றுதான் டவுனுக்குப் போய்த் திரும்பினாள். மேலத்தெரு முழுக்கப் பூட்டு. தன் வீடு? அவர்தான் இங்கே இருக்கிறாரே.

"ஒரு ஈ காக்கா இல்ல. திருப்பு."

கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் காய்ந்து, மனுவுக்கு மேல் மனு கொடுத்து, அந்த பஸ்ஸை ஊருக்கு வரவழைத்தவரும் இவரேதான்.

ஊருக்குள் நுழைந்தால், நிறுத்தத்து வேம்படியில் அவர் மனைவி நிற்கிறாள்.

விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற பச்சைச் சேலை. காலடியில் பெரிய பை.

"பஸ் வரலியா?"

அவர் வேப்பமரத்தை உச்சிவரைக்கும் பார்த்தார்.

"வந்துச்சு. நாந்தான்…"

அவள் கேட்டுக்கொண்டாள். பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

திருப்பூரில் மகள் சங்கரேஸ்வரி பனியன் கம்பெனிக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை. ரெண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள்.

ஊரில் மிச்சம் இருப்பதே முப்பத்தொரு பேர், நாமும் கிளம்பினால் மாட்டை யார் பார்ப்பது, பஸ்ஸையும் நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

வியாழக்கிழமை போகிறேன் என்று அவள் சொன்னபோது 'ம்' கொட்டினார். அவள் போகமாட்டாள் என்கிற தைரியம்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

மெயின்ரோட்டில் போகிற பஸ்ஸைப் பிடிக்க, மறுபடி விலக்குக்கு நடக்க வேண்டும்.

பையைத் தலையில் ஏற்றினார். கழுத்து உள்ளே இறங்கியது.

நடந்தார்கள்.

பள்ளத்தைத் திட்டினார். ரோடு போட்டவனைத் திட்டினார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களைத் தெருத் தெருவாக, பெயர் சொல்லித் திட்டினார். தன்னை மட்டும் அவள் திட்டட்டும் என்று விட்டுவைத்தார்.

அவள் திட்டுவதாக இல்லை.

"பேத்தியப் பாக்க இம்புட்டுத் துணியா? அம்மிக்கல்லும் உள்ள இருக்கோ?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"எப்ப வருவ?"

"வெயில் ஏறிருச்சு," என்றாள்.

"பொங்கலுக்கு வந்துருவேல்ல?"

"பாத்து. பள்ளம்."

பள்ளத்தில் காலை விட்டார். பையைக் கீழே விடவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பக்கமே அவள் திரும்பவில்லை.

டீக்கடைக்காரர் இருவரையும் பையையும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஈ காக்கா இல்லன்னீங்க?"

"நீ டீய ஆத்துப்பா."

மெயின்ரோட்டு பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவர் கீழே நின்று பையைத் தூக்கிக் கொடுத்தார்.

அவள் வாங்கவில்லை.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"ஏ, ஒண்ணு சொல்லிட்டுப் போ. திரும்பி வருவியா, மாட்டியா?"

"மாட்டேன்."

அவள் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டாள். பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"மாட்டக் குருவம்மாகிட்ட விட்டாச்சு. பையில பாதி உங்க வேட்டி சட்டதான்."