இழுப்பறையில் சக்களத்திகள்

“இன்னைக்கு யாரு என்கூட வரீங்க?” என்று கேட்டபடி அத்தான் இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே மடக்குக் கத்திகள். பச்சைக் கம்பளித் துணியின்மேல், ஒன்றோடொன்று உரசாமல், வாயை மூடிப் படுத்திருந்தன.

“சக்களத்திங்களோட பேச்சு ஆரம்பிச்சாச்சா?” என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

அத்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கருங்காலிப் பிடி போட்டது. இரண்டு அலகு வைத்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குட்டி ஒன்று.

ஒன்றுகூடக் காட்சிக்கு வைக்க வாங்கியதில்லை. முறைபோட்டு அவருடைய சட்டைப்பையில் ஏறும். பகலெல்லாம் ஆப்பிள் நறுக்கும், கயிறு அறுக்கும், பென்சில் சீவும். சாயங்காலம் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, படுக்கப் போட்டுவிடுவார். பழச்சாறு பட்டுப் பட்டு அலகுகள் மழைமேக நிறத்துக்கு வந்திருந்தன. அந்தக் கறையைத் தேய்க்க விடமாட்டார். உழைத்த நிறமாம் அது.

அவரைப் பார்த்துத்தான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆனால் என் கத்திகள் பெட்டியை விட்டு இறங்கியதில்லை. பிடியின் பித்தளைப் பூணில் கீறல் விழுந்துவிடும் என்ற பயம் எனக்கு. அத்தானுக்கு அந்தப் பயமே கிடையாது.

கடைசியில் கொம்புப் பிடி போட்டதை எடுத்தார்.

அலகின் மேல்பக்கம் இருக்கும் சின்னப் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும். வலது கை நடுங்கியது. அந்த நடுக்கம் வந்துதான் லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டார். நகம் வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது.

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

‘டக்.’

திரும்பினேன். அலகு விரிந்திருந்தது. அவர் முகத்தில் ஐந்து வயது குறைந்திருந்தது.

“கொண்டா உன் பார்சலை.”

நான் புதிதாக வாங்கிய கத்தி அதற்குள் இருந்தது. அவரிடம் காட்டத்தான் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தேன். அட்டைப்பெட்டியைச் சுற்றி அகலமான டேப். அத்தான் அலகை வைத்து இழுத்தார். டேப் சுருங்கியதே தவிர அறுபடவில்லை. அழுத்தி இழுத்தார். அலகு சறுக்கிக்கொண்டு போனது.

எனக்கு நம்ப முடியவில்லை. தன் கத்தி ஒரு நாள் மொண்ணையாக இருந்தால் சாப்பாடு இறங்காத மனிதர் அவர்.

“டேய், கொஞ்சம் வாயேன். இந்த டப்பா மூடி திறக்கவே மாட்டேங்குது” என்று அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

போனேன். டப்பா திறந்துதான் இருந்தது.

“கூர் போயிருக்குன்னு மட்டும் சொல்லிடாதே” என்றாள் அக்கா, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்.

“ஏன்?”

“நாந்தான் மழுக்கினேன்.”

போன மாதம் கத்தி வெட்டி அத்தானின் கட்டைவிரலில் தையல் போட்டது எனக்குத் தெரியும். தையல் பிரிப்பதற்கு முன்பே அவர் கத்தியைத் தேடியது தெரியாது. அவர் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, தினம் ஒன்றாக எடுத்துப்போய், பின்கட்டு சிமெண்ட் படியில் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்தே எல்லாவற்றையும் சாகடித்திருக்கிறாள்.

“தூக்கிப் போடுங்கன்னு சொல்ல வாய் வரலைடா. பையில அது இல்லாட்டி அந்த மனுஷன் பாதி ஆளாயிடறாரு. மொண்ணைன்னு அவருக்குத் தெரியாது. கையில வலு போயிடுச்சுன்னு நெனைக்கறாரு போல. அப்படியே நெனைச்சுட்டுப் போகட்டும்.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது அத்தான் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, பொறுமையாக உரித்து முடித்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. என் புதுக் கத்தி அவர் கையில் இருந்தது.

அதை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது. மழுங்கியதென்றால் வெள்ளைக் கோடாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். என் கத்தியில் கோடு இல்லை.

மேசைமேல் விரிந்து கிடந்த கொம்புப் பிடிக் கத்தியில் இருந்தது. கூடத்து வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

“அருமையான சாமான்டா” என்றார். மனசார, எச்சில் விழுங்கிச் சொன்னார். அலகை மெல்ல மடக்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“அக்கா கண்ணுல படறதுக்குள்ள இதை உள்ள வை. நிஜமாவே வெட்டும் இது. அப்புறம் இதையும் எடுத்துட்டுப் போய்ப் படியில உக்காந்துடுவா. முட்டி வலியோட எத்தனையைத்தான் தேய்ப்பா, பாவம்.”

நான் அவரையே பார்த்தேன். அவர் தன் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சமையலறைப் பக்கம் குரலை உயர்த்தினார்.

“ஏம்மா, கேட்டியா! டேப்பு ஒரே இழுப்புல வந்துடுச்சு!”

குழாய்ச் சத்தம் நின்றது.

“உங்க கத்தியாச்சே, வராம என்ன செய்யும்?” என்றாள் அக்கா.