பெர்சுராய்

"யாரைக் கேட்டும்மா விஜயனைக் காவலிலேர்ந்து இறக்குன?"

வந்ததும் வராததுமாகப் பெரியவர் எகிறினார். பேர் தம்புசாமி, பழைய பட்டாளத்துக்காரர். பத்திரிகை ஆபீசில் விலாசம் வாங்கி, கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்து, பிரிக்பீல்ட்ஸ் ஃப்ளாட்டில் நாலு மாடி ஏறி வந்திருக்கிறார். கையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை.

விஷ்ணுப்ரியாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் எழுதும் விண்வெளிப் போர்த் தொடருக்கு இதுவரை ஒரு கடிதம்கூட வந்ததில்லை. முதன்முதலாக வந்த வாசகர் சண்டைக்கு வந்திருக்கிறார், அதுவும் பேரைக்கூட ஒழுங்காகப் படிக்காமல்!

"விஜயன் இல்ல அங்கிள். என் ஹீரோ பேரு கன்னையா."

"சரி, அவன்தான். ஆர்டர் இல்லாம ஒரு சோல்ஜர் போஸ்ட்டை விட்டு இறங்குவானா?"

"இருபது வருஷமா அந்த நிலாவுல தனியா காவல் நிக்கிறான் அங்கிள். சண்டை முடிஞ்சி கப்பலெல்லாம் ஊர் திரும்பிடுச்சி. இவனை மறந்தே போயிட்டாங்க. அது தெரிஞ்சதும் நம்பிக்கை செத்துப்போயி துப்பாக்கியத் தூக்கி எறியிறான். நியாயம்தானே?"

"பெர்சுராய் சொன்னாங்களா?"

"என்னது?"

"கலையலாம்னு ஆர்டர். நம்ம பட்டாளத்துல மலாய்லதான் சொல்லுவாங்க. அந்த வார்த்தை காதுல விழாம ஒரு அடி நகரக்கூடாது. அடுத்த வாரம்தானே கடைசி வாரம்? மனசு மாறித் திரும்பி வந்து நின்னான்னு எழுதும்மா."

"நின்னா செத்துருவான் அங்கிள். அங்க மூச்சுவிடக் காத்து தீரப்போவுது."

"சாகட்டும்! விசுவாசத்தோட சாகட்டும்!"

இதென்ன மனுஷன்! வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டோமே என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மறந்துட்டுப் போனவனுக்கு என்ன அங்கிள் விசுவாசம்? ஆர்டர் ஆர்டர்னு உங்கள மாதிரி ஆளுங்க பேசுறதாலதான் கன்னையாவுங்க சாவுறாங்க. நீங்க உயிரோட திரும்பிட்டீங்க, பேசுவீங்க லா!"

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை மடித்தார். ரொம்பத்தான் சுட்டுவிட்டோமோ என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. பால் விடாமல் தே ஓ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"சரிம்மா, போயிட்டான்னே எழுது. ஆனா போறதுக்கு முன்ன ரேடியோவுல அந்த ஒரு வார்த்தை வரட்டும். லேட்டானாலும் பரவால்ல."

"இத்தனை வருஷம் கழிச்சி யாரு அங்கிள் கூப்பிடப் போறா?"

தம்புசாமி எழுந்தார். குதிகால் இரண்டையும் ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, ஜன்னலைப் பார்த்து நின்றார். ஃப்ளாட்டே அதிரும்படி கத்தினார்.

"விஜயன்! பெர்சுராய்!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"கன்னையா, அங்கிள்" என்றாள் மெதுவாக.

"உன் ஆளுதாம்மா கன்னையா." நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "விஜயன் எங்க ஆளு. எல்லைக் காட்டுல நாங்க எல்லாரும் பின்வாங்கி மலை இறங்குனோம். அவன் ஒருத்தன் மட்டும் போஸ்ட்டுல நின்னே செத்தான். அவன் நின்னது சரின்னு நீயாச்சும் எழுதுவேன்னு பாத்தேன்."

"உங்க தலைமை அவரை மறந்துருச்சா அங்கிள்?"

"தலைமை மறக்கலம்மா. ஆர்டர் வந்துச்சி, அவனுக்கும் சேத்துத்தான். ரேடியோ செட்டு என் கையிலதான் இருந்துச்சி."