நிக்கொலஸ் முதலாளியின் கண்ணீர்

நிக்கொலஸ் முதலாளி மனேஜர் கௌசிகனைக் கட்டிப்பிடித்து, அவன் தோளில் முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதார். முந்தல் ஊரில் இருக்கும் அவருடைய இறால் பண்ணையில் அன்றைக்குப் பிரியாவிடை. மேசையில் கேக், கௌசிகன் கழுத்தில் மாலை.

கொழும்பில் மனிதவள முகாமைத்துவம் படித்தவனைப் பக்கத்துப் பண்ணைத் தோமஸ் கூடுதல் சம்பளம் காட்டிக் கொத்திக்கொண்டு போகிறார்.

“ஆளணிதான், வேலை செய்யிற ஆக்கள்தான், போட்டியில வெல்லுற ஆயுதம் எண்டு சொல்லித் தந்தவனே நீதானே தம்பி! அந்த ஆயுதத்தையே பறிச்சிட்டானே!”

“அழாதீங்க சேர். நான் போனாலும் என்ட சிஸ்டம் இங்க இருக்கும். என்ன சேர், தைலம் மணக்குது?”

“அழுது அழுது தலையிடி தம்பி.”

கௌசிகனை ஏற்றிய வான் கேற்றைத் தாண்டியதுதான் தாமதம், முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேற்பார்வை பார்க்கும் பவுலினா மிரண்டு போனாள்.

“கண்ணுக்குக் கீழ தைலத்தை அப்பினாத்தானே பிள்ளை கண்ணீர் வருது!”

கௌசிகன் வந்த நாள் தொட்டு, விடிந்தால் வேலையாட்கள் வட்டமாக நின்று கைதட்டி, ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று பாட வேண்டும். பாட்டு முடியும் வரை குளத்துக்குக் காற்றடிக்கும் மெசினைப் போட ஆளில்லை. குடும்பம் பாட, இறால் மூச்சுமுட்டி மிதக்கும்.

இரண்டு அறுவடை நாசம். இந்த முறையும் இறால் இல்லையென்றால் ஓடர் தோமஸுக்குத்தான் என்று நீர்கொழும்பு ஏற்றுமதிக்காரர் சொல்லிவிட்டார். ஓடர் போனால் பண்ணைக்குப் பூட்டுத்தான்.

“அப்ப ஆளை வேலையால நிப்பாட்டியிருக்கலாமே முதலாளி?”

“நிப்பாட்டினா எனக்கு மட்டும்தான் நிம்மதி. அனுப்பினா தோமஸுக்கு நாசம்! ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய, கோயில் வாசல்ல நிண்டு தோமஸ்ட காதில விழ இவனைப் புகழ்ந்து தள்ளினன். மீன் தூண்டிலை விழுங்கிட்டு. இதுதான் பிள்ளை மூலோபாயம்!”

“இனி ஆர் மனேஜர்?”

“தோமஸ்ட ஆள் றொபி. ‘அவன் என்ட வலக்கை’ எண்டு தோமஸே அதே கோயில் வாசல்ல பெருமையடிச்சவன். ரெண்டு மடங்கு சம்பளம், வீடு, வான், அஞ்சு வருச ஒப்பந்தம். இழுத்திட்டன்!”

மறுநாள் காலை, வாடாத மாலையோடு றொபி வந்து இறங்கினான்.

“தோமஸ் முதலாளிக்கு விட மனமே இல்ல சேர். கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை.”

நிக்கொலஸுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. “கேட்டியா பிள்ளை? எதிரி அழுறான்!”

றொபியின் மாலையைக் கழற்றி வாங்கிய பவுலினா மூக்கைச் சுளித்தாள். மெல்ல வந்து முதலாளியின் காதுக்குள் சொன்னாள்:

“இவர்ட தோளிலயும் தைலம் மணக்குது முதலாளி.”