யார் பக்கம்?

திருப்பதியில் அன்று மாலை பெண்கள் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. அதில் மோதவிருந்த, நகரி ஊரைச் சேர்ந்த யாமினி, போட்டியை நடத்தும் ஹேமநாத்தின் அறைக்குள் காலையிலேயே விறுவிறுவென்று நுழைந்தாள்.

"இது நியாயமா சார்? போஸ்டர்ல அந்த பெங்களூர்க்காரி ஆளுயரத்துக்கு நிக்கிறா, நான் தபால்தலை சைஸ்ல இருக்கேன். அவளுக்கு ஏசி ரூமு, எனக்குச் சத்திரம். மூணு ஜட்ஜுங்களும் உங்க ஆளுங்க. 'நாங்க நடுநிலை'ன்னு மைக்ல சொல்லிக்கினு இருந்தா மட்டும் போதுமா?"

ஹேமநாத் கோபப்படவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, சாம்பியனுக்கான பெல்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"படிச்சுப் பாரும்மா."

பித்தளைத் தகட்டில், அன்றைய தேதிக்குக் கீழே, யாமினியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

"அவதான் ஜெயிப்பான்னு ஊரே நம்பிக்கினு இருக்கணும். அப்பதான் நீ ஜெயிக்கிறப்ப கைதட்டல்ல கூரை பிச்சிக்கும். ஜட்ஜுங்க என் ஆளுங்கன்னு உனக்கே தெரியுதே, அப்புறம் எதுக்குப் பயப்படுறே?"

யாமினி பெல்ட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்போ... இதுவரைக்கும் நான் ஜெயிச்ச ஏழு பைட்டு?"

ஹேமநாத் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சித்தூர்ல நடந்தது மட்டும் நெஜமாவே நீ ஜெயிச்சதும்மா" என்றார், ஆறுதலாக.