மூணு ராத்திரித் தோடு

"வாங்குறது உங்க இஷ்டம்மா. ஆனா ராத்திரில அந்தப் பொம்பள வந்தா என்னையக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார் திருநாவுக்கரசு, குரலைத் தாழ்த்தி.

சந்திரலேகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிதம்பரம் மேல வீதியில் இருபது வருஷமாக அவள் வாங்கும் நகைக்கடை. இருபது வருஷமாக இதே விற்பனையாளர். விற்க உட்கார்ந்திருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

மகள் அனுப்பிரியாவுக்குப் பத்து நாளில் கல்யாணம். வைரத்தோடு போடுவதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. புதுத்தோடுகள் எல்லாம் பதினெட்டு கேரட் தங்கம், கல்லும் பொடிசு. இந்த ஒரு ஜோடிதான் பழசு. இருபத்திரண்டு கேரட்டில் ஏழு கல். லென்ஸ் வைத்துத் தேடினாலும் ஒரு கரும்புள்ளி கிடையாது. விலையும் கைக்கு எட்டியது.

"எந்தப் பொம்பளண்ணே?"

"காது மூளியா இருப்பாங்க. ஓட்டை தூந்துடாம வேப்பங்குச்சி சொருகியிருப்பாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. கால்மாட்டுல நின்னு காதத் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க, அவ்ளோதான். இந்தத் தோடு இதுக்கு முன்னாடி நாலு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துடுச்சி."

தெரிந்த வாடிக்கையாளர் என்றால் வைரத்தை மூணு ராத்திரிக்குக் கொடுத்தனுப்புவது அந்தக் கடை வழக்கம். தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கனவிலேயே தெரிந்துவிடுமாம்.

"மூணாவது ராத்திரிதாம்மா கணக்கு. அன்னைக்கு நல்லாத் தூங்கிட்டா கல்லு உங்களுது" என்றார் தூரத்துக் கல்லாவிலிருந்து முதலாளி தேவநாதன். சொன்னாரே ஒழிய, தோடு வைத்த டப்பாவை அவர் கையால் தொடவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சந்திரலேகாவின் வீட்டுக்கு, முதல் ராத்திரியே அந்தப் பெண் வந்தாள்.

கால்மாட்டில் நின்றாள். முகம் தெரியவில்லை. விரல் மட்டும் காதுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. சந்திரலேகா அலறியடித்து எழுந்து லைட்டைப் போட்டாள். யாரும் இல்லை.

இரண்டாம் ராத்திரி தலைமாட்டுக்கே வந்துவிட்டாள். தலையணையின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினாள். சந்திரலேகா விழித்தபோது உடம்பெல்லாம் வேர்வை. டப்பா தரையில் கிடந்தது.

விஷயம் தெரியாத அனுப்பிரியா காலையில் தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றாள்.

"கழட்டவே மனசு வரலம்மா. இதையே வாங்கிடும்மா."

சந்திரலேகா தோட்டை வாங்கி டப்பாவில் வைத்து மூடினாள். தெரிஞ்சே நம்ம தலையில கட்டப் பாத்தாங்களே பாவிங்க என்று கடைக்காரர்களை மனதாரத் திட்டினாள். ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்த பிறகு, மூணாவது ராத்திரியையும் பார்த்துவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று விளக்கை அணைக்காமல் காத்திருந்தாள். எப்போது கண்ணசந்தாளோ, விழித்தபோது வாசலில் பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. கனவென்று ஒரு துளி இல்லை.

கல் ஒத்துக்கொண்டுவிட்டது! சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டப்பாவையும் பணத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள்.

கடைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கவுண்டர் முன்னால் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். காது மூளி. ஓட்டையில் வேப்பங்குச்சி. விரல் காதுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

பட்டப்பகல் பதினோரு மணி.

"தட்டுல தோடக் காணுமேண்ணே" என்றாள் அந்தப் பெண், திருநாவுக்கரசிடம். "வித்துட்டீங்களா?"

"இல்ல விருத்தாம்பா. ஒரு வீட்டுக்குப் போயிருக்கு. வந்துடும்."

"வீட்டுக்காரரு ஆப்பரேஷனுக்காவக் கழட்டி வித்தது. எங்கம்மா போட்டு அனுப்புனதுண்ணே. அடுத்த மாசம் கரும்பு வெட்டிடுவோம். பெண்ணாடத்துலேருந்து மொத பஸ்ஸப் புடிச்சி வந்து எடுத்துக்குவேன். அதுக்குள்ள யாருக்காவது குடுத்துட மாட்டாரே மொதலாளி?"

"யாரு மொதல்ல காசு வச்சாலும் குடுத்துடுவாரு. யாவாரம் அவுருது. எங்கிட்ட என்னாம்மா இருக்கு? வாய் ஒண்ணுதான் இருக்கு" என்றபடி நிமிர்ந்தார் திருநாவுக்கரசு. எதிரே சந்திரலேகாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

நாலு வீட்டுக்கும், ஐந்தாவதாகத் தன் வீட்டுக்கும், இந்தப் பெண்ணை வாயாலேயே அனுப்பி வைத்தது யார் என்று சந்திரலேகாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

முதலில் கோபம்தான் வந்தது. உசிரை எடுத்துவிட்டாரே மனுஷன்! கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்ற மகளின் முகம் நினைவுக்கு வந்து போனது.

"வாங்கம்மா!" கல்லாவிலிருந்து தேவநாதன் குரல் கொடுத்தார். "மூணாவது ராத்திரி எப்படி? நல்லாத் தூங்குனீங்களா? பில் போட்டுடலாமா?"

விருத்தாம்பாள் திரும்பிப் பார்த்தாள். விரல் காதிலேயே நின்றுவிட்டது. திருநாவுக்கரசு தலையைக் குனிந்துகொண்டார்.

சந்திரலேகா டப்பாவை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள்.

"எங்க சார் தூங்குறது? நேத்தும் வந்து நின்னுட்டாங்க. பதினெட்டு கேரட்டுலயே ஒண்ணு காட்டச் சொல்லுங்க."